மணக்காத வாயு

எங்கள் மாமாவின் கடையில் ஓர் உறைபதனப் பெட்டி இருக்கிறது. இன்றைய கடைகளில் கண்ணாடிக் கதவோடு நிமிர்ந்து நிற்கும் வகையன்று. சவப்பெட்டியை ஒத்த நீளத்தில் படுத்த வாக்கில் அமைந்து, மேற்புறம் இரு மூடிகளோடு திறக்கும் பழைய வகை. 1991இல், தஞ்சாவூரில் ஒருவர் தம் கடையைக் காலி செய்தபோது விலைபேசி மாட்டுவண்டியில் ஏற்றி வந்தது. பால் பாக்கெட்டும் குச்சி ஐஸும் மோர்க் குடுவைகளுமாக அந்தப் பெட்டி மாமாவின் குடும்பத்துக்கு முப்பதாண்டுகளுக்கும் மேலாகச் சோறு போட்டிருக்கிறது. சென்ற சித்திரையில் அது குளிர்வதை நிறுத்திக்கொண்டது.

நிறுத்திக்கொண்டது என்று சொல்வதும் சரியில்லை. மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஓயாமல் ஓடியது. உட்சுவரின் ஒரு மூலையில் மட்டும் கையகலத்துக்கு வெண்பனி படிந்திருக்க, மற்ற பக்கமெல்லாம் வியர்த்து வழிந்தது. மாமா மெக்கானிக் பாயை வரவழைத்தார். அறுபதைக் கடந்தவர், இருபது வருடங்களுக்கும் மேலாக அந்தப் பெட்டியின் வைத்தியர் அவரே. மூடியைத் திறந்து பனி படிந்த இடத்தைப் பார்த்தார். புறங்கையால் வெளிச்சுவரைத் தொட்டார். வழக்கமாக வெதுவெதுப்பாக இருக்கும் சுவர் அது. மார்கழி இரவுகளில் கடைப்பூனை அதில் முதுகை ஒட்டிக்கொண்டு படுத்திருக்கும். இப்போது அதில் சூடே இல்லை.

"கேஸ் இறங்கிப்போச்சு சார்" என்றார் என்னிடம்.

"முன்ன மாதிரி ஏத்திவிட்டுப் போங்களேன் பாய்" என்றார் மாமா.

"முன்ன ஏத்துனது இப்பக் கெடைக்காதுங்க."

இந்த மூன்று வாக்கியங்களுக்குள் ஏறக்குறைய இருநூறு வருட வரலாறு அடங்கியிருப்பதாக எனக்குப் பட்டது. தமிழ் வகுப்பெடுப்பவனுக்கு இயந்திரத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கேட்கட்டும். கண்ணால் காணவியலாத, மூக்கும் அறியாத ஒரு பொருளின் கதை இது.

குளிர் என்பது உண்டாக்கப்படும் பொருளன்று. வெப்பத்தை ஓரிடத்திலிருந்து எடுத்து வேறிடத்தில் கொட்டுவதன் விளைவு. மண்பானையின் புறத்தே கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தையும் கொண்டு போகிறது. ஊசி போடுமுன் மருத்துவர் தடவும் ஸ்பிரிட் தோலைச் சில்லிடச் செய்வதும் அவ்வாறே. எளிதில் ஆவியாகும் திரவம் ஒன்றைக் குழாய்க்குள் அடைத்து, ஆவியானதை மீண்டும் அமுக்கித் திரவமாக்கித் திரும்பத் திரும்ப அதையே பயன்படுத்தினால் அதுதான் குளிர்பதன இயந்திரம். கம்ப்ரசர் வாயுவை அமுக்குகிறது. அமுக்குண்டு சூடேறிய வாயு பெட்டியின் வெளிச்சுவருக்குள் வளைந்தோடும் குழாயில் தன் வெப்பத்தை இறக்கிவைத்துத் திரவமாகிறது. ஈரத்தையும் தூசியையும் வடிக்கும் சிறு வடிகட்டியைக் கடந்து, நூல்போன்ற துளையுடைய கேப்பிலரிக் குழாய் வழியே உட்தொட்டியைச் சுற்றிய குழாய்க்குள் பீறிட்டு ஆவியாகிறது. பூனைக்குக் கிடைத்த வெதுவெதுப்பு மோரிலிருந்து எடுக்கப்பட்டது. வாயு குறைந்துபோனால் குழாயின் தொடக்கத்திலேயே எல்லாம் ஆவியாகிவிடும். அங்கே மட்டும் பனி படியும், மிச்சமெல்லாம் வியர்க்கும். பாய் அந்த மூலையில் வாசித்தது இதைத்தான்.

இயந்திரம் வருமுன் குளிர் கப்பலில் வந்தது. பாஸ்டன் நகரத்து வணிகர் ஃபிரெடரிக் டியூடர் 1806இல் குளத்துப் பனிக்கட்டியை வெட்டி மார்ட்டினிக் தீவுக்கு அனுப்பியபோது ஊரார் சிரித்தனர். 1833 மே மாதத்தில் 'டஸ்கனி' என்ற கப்பல் சுமார் 180 டன் பனிக்கட்டியோடு பாஸ்டனை விட்டுப் புறப்பட்டது. நான்கு மாதம் கழித்துக் கல்கத்தாவை அடைந்தபோது ஏறக்குறைய 100 டன் உருகாமல் மிஞ்சியிருந்தது. பிறகு சிரிப்பவர் இல்லை. சென்னைக் கடற்கரையில் 1842இல் டியூடரின் பனிக்கட்டிக்கென்றே ஒரு கிடங்கு எழுந்தது. ஐஸ் ஹவுஸ் என்ற பேட்டைப் பெயர் அதன் எச்சம். பின்னாளில் பிலிகிரி ஐயங்கார் கைக்கு மாறி, 1897இல் விவேகானந்தர் சில நாள் தங்கியதால் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது அந்த வட்டக் கட்டடம். தோரோ வால்டன் குளக்கரையில் வாழ்ந்த காலத்தில் அங்கும் பனி வெட்டுவோர் வந்தனர்; தம் குளத்து நீரைச் சென்னைவாசிகளும் பருகப்போவதை எண்ணி அவர் வியந்தெழுதியது 'வால்டன்' நூலில் உள்ளது. ஆலங்கட்டியைத் தவிர வேறு பனிக்கட்டியை அறியாத நிலத்துக்கு, மாசாசூசெட்ஸின் குளிர்காலம் மரத்தூளில் பொதிந்து வந்து இறங்கியிருக்கிறது. அந்த வணிகத்தில் நச்சு ஏதுமில்லை. தண்ணீர் மட்டுமே.

இயந்திரக் குளிரோ தொடக்கத்திலிருந்தே ஆபத்தைக் கூட அழைத்துக்கொண்டு வந்தது. 1834இல் ஜேக்கப் பெர்கின்ஸ் லண்டனில் காப்புரிமை பெற்ற இயந்திரம் ஈதரைக் கொண்டு இயங்குவது. ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகரில் பத்திரிகையாசிரியராக இருந்த ஜேம்ஸ் ஹாரிசன், அச்செழுத்துகளை ஈதரால் துடைக்கும்போது உலோகம் சில்லிடுவதைக் கவனித்தே இத்துறைக்கு வந்தார் என்பர். 1850களில் பனிக்கட்டி இயந்திரம் செய்தார். 1873இல் உறைந்த இறைச்சியைக் கப்பலேற்றும் முயற்சியில் தோற்று நொடித்துப்போனார். எழுத்தைத் துடைத்தவர் ஒருவர் இந்த வரலாற்றில் இருப்பது நம்மைப் போன்றோர்க்குச் சிறு ஆறுதல்.

ஈதர் தீப்பற்றும். அதற்குப் பிறகு வந்த அம்மோனியா மூச்சடைக்கும். கந்தக டையாக்சைடு பட்டாசுப் புகைபோல் நெடியடிக்கும். மெதில் குளோரைடு அத்தனை நெடிகூட இல்லாமலே கொல்லும். தொழிற்சாலைகளில் இவை இருந்தவரை பொதுமக்கள் கவலைப்படவில்லை. 1920களில் குளிர்பெட்டி வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்தபோதுதான் சாவும் உள்ளே நுழைந்தது. பெர்லினில் ஒரு குடும்பம், குழந்தைகள் உட்பட, உறக்கத்திலேயே குளிர்பெட்டியிலிருந்து கசிந்த வாயுவால் இறந்த செய்தியைப் படித்து ஐன்ஸ்டைன் கலங்கினார். இதைவிட நல்ல வழி இருந்தாக வேண்டும் என்று தம் இளைய நண்பர் லியோ சிலார்டிடம் அவர் சொன்னதாக வரலாறு. இருவரும் 1926 முதல் சில ஆண்டுகள் உழைத்து, அசையும் உறுப்புகளும் அவற்றைச் சுற்றிய அடைப்புகளும் இல்லாத, ஆகவே கசிய வழியற்ற குளிர்பெட்டிகளுக்குப் பல நாடுகளில் காப்புரிமை பெற்றனர். அவற்றில் ஒன்றுகூடக் கடைக்கு வரவில்லை. 1929இல் சிகாகோவில் மெதில் குளோரைடு கசிந்து நேர்ந்த சாவுகள் அமெரிக்கப் பத்திரிகைகளை நிறைத்தன.

இந்த அச்சத்தின் நடுவேதான் தாமஸ் மிட்ஜ்லி வருகிறார். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்காகப் பெட்ரோலில் ஈயத்தைக் கலக்கும் வழியை 1921இல் கண்டவர். 1928இல் அவரிடம், தீப்பற்றாத, நச்சில்லாத, நெடியில்லாத குளிர்வாயு ஒன்றைக் கண்டுபிடிக்குமாறு கேட்கப்பட்டது. தனிம அட்டவணையைப் பார்த்து அவரும் ஆல்பர்ட் ஹென் முதலிய உடனுழைப்பாளரும் ஃபுளூரின் சேர்மங்களில் வந்து நின்றனர். ஆய்வுக்கு வேண்டிய ஆன்டிமனி டிரைஃபுளூரைடு ஐந்து குப்பிகள் வாங்கப்பட்டன. கைக்கு வந்த ஒரு குப்பியைக் கொண்டு வாயுவைத் தயாரித்து ஒரு கினிப்பன்றியை அதில் அடைத்தனர். அது ஒன்றும் ஆகாமல் மூச்சுவிட்டது. இரண்டாம் குப்பியில் தயாரித்ததில் விலங்கு செத்தது. எஞ்சிய நான்கு குப்பிகளிலும் ஈரம் கலந்த மாசு இருந்ததும், அதிலிருந்து ஃபாஸ்ஜீன் என்ற நச்சு உண்டானதும் பிறகே தெரியவந்தன. முதலில் எடுத்தது அந்த நான்கில் ஒன்றாக இருந்திருந்தால் ஆய்வையே கைவிட்டிருப்போம் என்ற பொருளில் மிட்ஜ்லியே பின்னர் நினைவுகூர்ந்திருக்கிறார். வரலாற்றைக் காரணகாரியச் சங்கிலியாகவே எழுதிப் பழகியவர்கள் இந்த ஐந்து குப்பிகளைச் சற்று நேரம் எண்ணிப்பார்க்கலாம்.

1930இல் அட்லாண்டாவில் அமெரிக்க வேதியியலார் கூட்டத்தில் மிட்ஜ்லி அந்த வாயுவை நெஞ்சு நிறைய இழுத்து, எரிந்துகொண்டிருந்த மெழுகுவத்தியின்மேல் ஊதினார். சுடர் அணைந்தது, அவர் நின்றுகொண்டிருந்தார். நச்சில்லை, தீயுமில்லை என்பதற்கு ஒரே மூச்சில் இரு சான்றுகள். ஃப்ரியான் என்ற வணிகப்பெயரில் அது உலகெங்கும் போயிற்று. தொழிலில் அதன் பெயர் ஆர்-12. மாமாவின் பெட்டி வந்திறங்கிய நாளில் அதன் முதுகுத் தகட்டில் பொறித்திருந்ததும் அதுவே.

மிட்ஜ்லியை வில்லனாக்கும் கட்டுரைகள் இணையத்தில் மலிந்துள்ளன. இளம்பிள்ளை வாதத்தால் நடக்கவியலாமல் போய், தம்மைப் படுக்கையிலிருந்து தூக்கத் தாமே அமைத்த கயிற்றுப்பொறியில் கழுத்து இறுகி 1944இல் இறந்ததைச் சொல்லி, 'வினை விதைத்தவன்' என்று முடிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஈயத்தின் விஷயம் வேறு. அதன் நச்சு அன்றே தெரிந்திருந்தது. குளிர்வாயுவிலோ அவர் தேடியது சமையலறையில் யாரையும் கொல்லாத ஒரு பொருளை, கண்டதும் அதையே. வேறெதனோடும் வினைபுரியாத அதன் சாதுத்தனமே, எங்கும் அழியாமல் வானத்தின் மேலடுக்குவரை அதைக் கொண்டுபோகும் என்று 1930இல் நினைத்துப்பார்க்க யாருக்கும் முகாந்திரமில்லை.

நினைத்துப்பார்த்தவர்கள் 1974இல் வந்தனர். மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 'நேச்சர்' இதழில் எழுதினர்: கீழே அழியாத இவ்வாயுக்கள் மேலேறிப் புறஊதாக் கதிரில் உடைந்து குளோரினை விடுவிக்கும், ஒரு குளோரின் அணு ஆயிரக்கணக்கான ஓசோன் மூலக்கூறுகளைச் சிதைக்கும். 1985இல் ஜோசப் ஃபார்மனும் உடனிருந்தோரும் அண்டார்டிகாவின் ஹாலி தளத்துக்கு மேலே வசந்தகால ஓசோன் பெருமளவு குறைந்திருப்பதை வெளியிட்டனர். 1987 செப்டம்பர் 16இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது.

இந்தியா அன்று அதில் கையெழுத்திடவில்லை. இந்தப் பகுதியை மேலைநாட்டு நூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுவது வழக்கம். வானத்தை நிரப்பியவர்கள் யார், துடைக்கும் செலவு யாருடையது என்ற கேள்வி எளிதானதன்று. தலைக்கு ஆண்டுக்கு 0.3 கிலோவுக்கும் குறைவாகப் பயன்படுத்தும் வளர்முக நாடுகளுக்குப் பத்தாண்டுத் தவணை என்றது உடன்படிக்கை. மாற்றுத் தொழில்நுட்பத்துக்கான பணம் எங்கே என்று கேட்டன இந்தியாவும் சீனாவும். 1990இல் லண்டனில் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் மேனகா காந்தி இதை உரக்கவே கேட்டார். பன்னாட்டு நிதியம் ஒன்றை ஏற்படுத்த அங்கே முடிவாயிற்று; 1992இல் இந்தியா சேர்ந்துகொண்டது. நம் மேட்டூர் உட்பட நாட்டின் சில இடங்களில் தயாராகிவந்த அவ்வாயுக்களின் உற்பத்தி 2008இல் நின்றது. 2010 தொடக்கத்தோடு பயன்பாடும் முடிவுக்கு வந்தது, ஆஸ்துமா மருந்துக்கான சிறு விலக்கைத் தவிர.

ஆனால் இந்தத் தேதிகள் எல்லாம் லண்டனுக்கும் தில்லிக்கும் உரியவை. காவிரிக்கரையில் ஒரு சிறு கடையில் 1991 முதல் 1999 வரை நடந்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். ஒவ்வொரு சித்திரையிலும் அப்போதைய மெக்கானிக் ஒருவர் வருவார். பெட்டியில் கசிவு எங்கே என்று தேட மாட்டார். தேடுவதற்கு நேரம் வேண்டும், நேரத்துக்குக் கூலி கேட்டால் மாமா கொடுக்க மாட்டார். எஞ்சிய பழைய வாயுவை வால்வைத் திறந்து வெளியேற்றிவிட்டுப் புதிதாய் நிரப்பிப் போவார். கோடை விடுமுறைக்கு வந்த பன்னிரண்டு வயதுப் பையனாகிய நான், அந்தச் சீறலின் முன்னே உள்ளங்கையை நீட்டுவேன். கை சில்லிட்டு வெளுக்கும். மணமே இருக்காது. "இன்னும் கொஞ்சம் விடுங்கண்ணே" என்று கேட்பேன்; அவரும் சிரித்துக்கொண்டே விடுவார்.

முறைக்குக் கால் கிலோ என்று வைத்தாலும் ஒன்பது கோடைகளில் இரண்டு கிலோவுக்கு மேல். ஆர்-12 காற்றில் சராசரியாகச் சுமார் நூறு வருடம் தங்கும். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: என் உள்ளங்கையைக் கடந்துபோனதில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு இன்னும் மேலேதான் இருக்கிறது. ஓசோனை விட்டுவிட்டு வெப்பத்தை மட்டும் கணக்கிட்டாலும், ஒரு கிலோ ஆர்-12 என்பது பத்தாயிரம் கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். இரண்டு கிலோ இருபது டன்னாகிறது. மாமா வாழ்நாளில் ஸ்கூட்டர்கூட ஓட்டியவரல்லர்.

பாய் முதன்முதலாக வந்தது 2000இல். அவரிடம் ஒரு விசித்திரமான விளக்கு இருந்தது. சிறு சிலிண்டரில் எரியும் சுடர். அதனுள் ஒரு செப்புத்தகடு. சுடருக்குக் காற்றை உறிஞ்சித் தரும் ஒரு ரப்பர்க் குழாய். குழாயின் முனையை ஒவ்வொரு பற்றவைப்பின் அருகிலும் மெல்ல நகர்த்திக்கொண்டே வந்தார். வடிகட்டியருகே வந்ததும் நீலச்சுடர் திடீரெனப் பச்சையாயிற்று. மூக்குக்குத் தெரியாத வாயு கண்ணுக்குத் தெரிந்த கணம் அது. பச்சை நிறத்துக்குக் காரணம் குளோரின். துருவத்தில் ஓசோனைத் தின்னும் அதே குளோரின். அந்த ஓட்டையை அவர் பற்றவைத்தார். பெட்டி இருபது வருடங்களுக்கும் மேலாக ஒரு துளி கேஸ் கேட்கவில்லை. கசிவை அடைத்த அந்த ஒரு மணி நேரம், எந்த உடன்படிக்கையின் பட்டியலிலும் ஏறாதது.

2004க்குப் பிறகு தேசியத் திட்டமொன்றின்கீழ் சிறு மெக்கானிக்குகளுக்குப் பயிற்சிகள் நடந்தன. பாயும் ஒன்றுக்குப் போய்வந்ததாகச் சொன்னார். கேஸை வெளியே விடாதே, குழாய்களைக் கழுவ நைட்ரஜனைப் பயன்படுத்து, வெற்றிடமாக்கத் தனிப் பம்பு வைத்துக்கொள் என்பவை அங்கே கற்றவை. அதுவரை கம்ப்ரசரைக்கொண்டே காற்றை இழுப்பதும், கேஸையே ஊதிக் குழாயைச் சுத்தம் செய்வதும் தொழிலில் சாதாரணம். "யாரும் சொல்லலியே சார் அதுக்கு முன்ன" என்றார். மொலினாவின் கட்டுரை வெளியாகி முப்பது வருடம் கழித்துச் செய்தி அவர் கைக்கு வந்திருக்கிறது.

இம்முறை கசிவு எளிய இடத்தில் இல்லை. குழாய்த்தொகுதியை இரண்டாகத் துண்டித்து, இரு பாதிகளிலும் நைட்ரஜனை அழுத்தி நிரப்பி, மானிகளைப் பொருத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போனோம். திரும்பி வந்தபோது உட்தொட்டிப் பக்கத்து முள் அசையாதிருந்தது. வெளிச்சுவர்ப் பக்கத்து முள் இறங்கியிருந்தது. இரும்புக்குழாய் சுவருக்குள்ளேயே துருப்பிடித்துப் பொத்துவிட்டது. சுவரைப் பிளக்க முடியாது. அந்தக் குழாயை அப்படியே கைவிட்டு, விசிறியோடு கூடிய வேறொரு கண்டென்சரைப் பெட்டியின் பின்னால் வெளியே பொருத்துவதுதான் வழி என்றார் பாய்.

அடுத்தது எந்த வாயு என்ற கேள்வி. ஆர்-12க்குப் பதிலாக வந்த ஆர்-134ஏயில் குளோரின் இல்லை, ஓசோனுக்குத் தீங்கில்லை. ஆனால் பழைய கம்ப்ரசரின் கனிம எண்ணெய் அதனோடு கலக்காது. கம்ப்ரசரையே மாற்ற வேண்டும். வெப்பத்தைப் பொறுத்தவரை அதுவும் கரியமில வாயுவைவிட ஆயிரத்து நானூறு மடங்குக்குக் குறையாது. அதனால் அதையும் படிப்படியாகக் குறைக்க 2016இல் கிகாலியில் முடிவாகி, 2021இல் இந்தியாவும் ஏற்றது. மற்றொரு வழி புரொப்பேன், ஐசோபியூட்டேன் முதலியவை. 1993இல் கிழக்கு ஜெர்மனியின் பழைய தொழிற்சாலை ஒன்று, கிரீன்பீஸ் இயக்கத்தின் தூண்டுதலால் இவற்றைக்கொண்டு குளிர்பெட்டி செய்து பெருநிறுவனங்களை வியக்கவைத்தது. வானத்துக்கு ஏறக்குறையப் பழுதில்லை. ஆனால் தீப்பற்றும். பெர்கின்ஸ் ஈதரோடு தொடங்கிய இடத்துக்கு வட்டமடித்து வந்துவிட்டோமோ என்று தோன்றியது.

எனக்கு அந்த இரண்டாவது வழியில் ஆசை. பாயிடம் சொன்னேன். அவர் பெட்டியின் தெர்மோஸ்டாட்டையும் ரிலேயையும் காட்டினார். "இதுல பொறி விழும் சார். அந்த கேஸுக்குன்னே செஞ்ச பொட்டின்னா சரி. இதுல நாளைக்கு எங்கயாச்சும் கசிஞ்சுச்சுன்னா, ராத்திரி கடைக்குள்ள பையன் படுக்குறான்ல." கடைப்பையன் உள்ளேதான் படுப்பான் என்பதை நான் நினைத்திருக்கவில்லை. அதற்கு மேல் நான் வாதாடவில்லை.

"செலவு எவ்வளவு மாப்ளே ஆகும்?" என்று மாமா, பாயைக் கேட்காமல் என்னைக் கேட்டார். புதுப்பெட்டியின் விலையில் மூன்றில் ஒரு பங்கு ஆயிற்று.

புதிய கம்ப்ரசர், புதிய வடிகட்டி, வெளியே கண்டென்சர். பச்சைச்சுடர் விளக்குக்கு இனி வேலையில்லை. குளோரின் இல்லாத வாயுவை அது காட்டாது. ஒவ்வொரு பற்றவைப்பிலும் சோப்பு நுரையைத் தூரிகையால் தடவி, குமிழி எழுகிறதா என்று பாய் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். வெற்றிடப் பம்பு ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓடியது. சிலிண்டரைத் தராசின்மேல் நிறுத்தி எடை பார்த்தே வாயுவை ஏற்றினார். சீறல் ஏதும் கேட்கவில்லை.

இரவு எட்டு மணிக்கு உட்சுவர் முழுதும் ஒரே சீராக வெண்பனி படிந்தது. பாய் ஒரு சிறு டப்பாவிலிருந்து சிவப்புப் பெயிண்டைத் தொட்டு, முதுகுத் தகட்டிலிருந்த ஆர்-12 என்பதை அடித்தார். அதன் கீழே ஆர்-134ஏ என்றும், ஏற்றிய எடையையும், தேதியையும் எழுதினார்.

"எதுக்குங்க இது?" என்றார் மாமா.

"எனக்கப்பறம் வர்றவன் தொறந்து பாக்குறதுக்கு முன்ன, உள்ள என்ன இருக்குன்னு தெரியணுமில்ல."